ஐம்பதைத் தொடாத முள்

வீட்டிலிருக்கும் எடை மேடையில் அவர் ஏறுகிறார், இறங்குகிறார், முள்ளை முறைக்கிறார், மறுபடியும் ஏறுகிறார். நாற்பத்தெட்டு. விடிந்ததிலிருந்து இது நான்காவது முறை. பிறகு திருப்புளியை எடுத்து, மேடையையே கவிழ்த்துப்போட்டு, உள்ளே இருக்கும் சுருள்வில்லைத் துடைக்கிறார்.

"நேத்துத்தானே துடைச்சீங்க? அதுக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் சீக்கு" என்கிறாள் மனைவி, கையில் இரண்டு அவித்த முட்டைகளோடு.

தராசு பழுது பார்ப்பது அவர் தொழில். கடைவீதியில் 'தராசண்ணன்' என்றால்தான் தெரியும். கூடுதல் எடை காட்டும்படி வைக்கச் சொல்லும் கடைக்காரனிடம், "முள்ளைத் திருப்பணும்னா வேற ஆளைப் பாரு தம்பி" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அறுபத்திரண்டு கிலோ இருந்த மனிதரைக் காசநோய் உருக்கிவிட்டது. பெல்ட்டில் ஆணியால் போட்ட மூன்று புதுத் துளைகள்.

மாத்திரை தொடங்கி மூன்றாம் மாதம். இருமல் அடங்கிவிட்டது, சதைதான் ஒட்டவில்லை. "காய்ச்சல் அடிக்கிற உடம்பு படுத்திருந்தாலும் உள்ள எரிஞ்சுக்கிட்டே இருக்கும். சாப்பாடு பத்தலைன்னா சதையை எடுத்து எரிச்சிடும். போனதைத் திரும்பக் கட்டணும். ஐம்பதைத் தொடுங்க, வேலைக்கு அனுப்புறேன்" என்றார் டாக்டர். அன்றிலிருந்து இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. முட்டையை மென்றுகொண்டே வாசலுக்கும் சமையலறைக்கும் நடக்கிறார்.

"தின்னதை நடந்தே தீர்த்துட்டா எங்கேர்ந்து ஒட்டும்? உக்காருங்களேன்!"

"உக்காந்தா கை நமநமங்குதுடி."

பரிசோதனை நாளன்று, தராசைச் சோதிக்க வைத்திருக்கும் ஒரு கிலோ இரும்புக் கற்கள் இரண்டை, கால்சட்டைப் பைக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டார். பெல்ட்டை ஒரு கையால் பிடித்தபடி போய் ஆஸ்பத்திரி எடை மேடையில் ஏறி நின்றார்.

"ஐம்பது! கலக்கிட்டீங்களே அண்ணே!" என்றாள் நர்ஸ். அவர் முகம் மலர்வதற்குள், அட்டையில் எழுதிக்கொண்டே, "இனி தினம் மூணு இல்ல, நாலு மாத்திரை" என்றாள்.

"எடையைப் பாத்தா மாத்திரை குடுக்குறீங்க?"

"பின்னே? எல்லாம் இந்த முள்ளை நம்பித்தானே!"

அவர் இறங்கினார். வாசல் நாலடி தூரத்தில் திறந்தே கிடந்தது. பையில் கை விட்டார். கற்கள் ஒவ்வொன்றாக மேசையில் டொக்கென்று உட்கார்ந்தன. நர்ஸ் வாயைத் திறக்குமுன் குனிந்து, பூஜ்யத்தைவிட்டு ஒரு மயிரிழை தள்ளி நின்ற முள்ளை, மேடையின் குமிழைத் திருகித் திருகி நேராக்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் ஏறினார்; இந்த முறை அசையாமல் நின்றார்.