சுனிதா நாட் அவைலபிள்

1

வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பு. பழைய சாஃப்ட்வேரில் இருந்த மாணவர் விவரங்களை எல்லாம் புதிய சிஸ்டத்துக்கு மாற்றி மூன்று நாள் ஆகியிருந்தது. வேதியியல் பேராசிரியர் ஒருவர் இன்டர்காமில் கூப்பிட்டார். அவர் இந்தியில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

"ராஜி ஜீ, இந்த நோட்டவா எந்தப் பக்கத்து ஆட்கள்? என் வகுப்பில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். எல்லாரும் சொந்தக்காரர்களா?"

அட்டெண்டன்ஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். பின்பெயர் இல்லாத மாணவர்களுக்கு எல்லாம் புதிய சிஸ்டம் 'நாட் அவைலபிள்' என்று தானாகவே நிரப்பியிருந்தது. ஷீட்டில் சர்நேமுக்கு ஆறு ஆங்கில எழுத்துக்குத்தான் இடம். மிச்சத்தை வெட்டிவிட்டு அது NOTAVA, 'நோட்டவா' என்று ஒரு புதிய வம்சத்தையே உண்டாக்கிவிட்டது. ஒன்பது பேரில் ஐந்து பேர் தமிழ்ப் பிள்ளைகள்.

"தெற்கத்திக்காரங்க சார்" என்று சொல்லி போனை வைத்தேன். அன்று சிரித்தேன். அடுத்த திங்கட்கிழமை சிரிப்பு நின்றது.

2

அன்று என் அறைக்கு வந்த பெண், மேஜை மேலிருந்த முருகன் படத்தைப் பார்த்ததுமே ஆங்கிலத்தை விட்டுவிட்டாள். தூத்துக்குடிப் பெண். எம்.எஸ்ஸி. முடித்தவள். கையில் ப்ரொவிஷனல் சர்ட்டிபிகேட்.

"மேடம், எம் பேரு கயல்விழி. இதுல 'கயல்விழி நாட் அவைலபிள்'னு போட்டிருக்கு. நாந்தான் இங்க வந்து நிக்கேன்லா?"

"பின்னாடி அப்பா பேரைச் சேர்த்துடலாமாம்மா?"

"பாஸ்போர்ட்ல கயல்விழின்னு மட்டுந்தான் இருக்கு மேடம். ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு சொல்லிட்டாவ. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பலைன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாவளாம்."

வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. வீட்டில் முதல் பட்டதாரி. அழவில்லை. ஆனால் சர்ட்டிபிகேட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

சர்நேம் கட்டாயம் என்ற விதியை எடுக்க அரை மணி நேரம் போதும். ஆனால் துணைப் பதிவாளர் கையெழுத்து வேண்டும். அவர் சுனிதா மேடம், ஹரியானாவில் ரோத்தக் ஊர்க்காரர். நேர்மையானவர். கமிட்டி கூடாமல் ஜன்னலைக்கூடத் திறக்க மாட்டார்.

"அடுத்த மாசம் கமிட்டி கூடும், ராஜி. அதுவரைக்கும் சிஸ்டம் என்ன செய்யுதோ அதுதான் சரி. ஜல்தி எதுக்கு?"

அந்த வாரம்தான் ஊழியர் விவரங்களையும் புதிய சிஸ்டத்தில் ஏற்றிக்கொண்டிருந்தோம். சர்வீஸ் புக்கில் மேடத்தின் பெயர் 'சுனிதா' என்று மட்டுமே இருந்தது. வெளியிடும் முன் ஊழியர் பெயர்களை ஒவ்வொன்றாகத் திருத்தும் அதிகாரம் எனக்கு உண்டு. எல்லார் பெயரையும் திருத்தினேன். ஒருவர் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். சிஸ்டம் என்ன செய்யுதோ அதுதானே சரி.

என் திட்டம் சின்னது. புதன்கிழமை அவர் மேஜைக்கு அவருடைய புதிய அடையாள அட்டை போகும், அவர் படிப்பார், கயல்விழி ஞாபகத்துக்கு வருவாள். அவ்வளவுதான். வாசலில் இருக்கிற டிஸ்ப்ளே போர்டும் அதே பெயர்ப் பட்டியலில் இருந்துதான் பெயரை எடுக்கிறது என்பதை, அந்த போர்டை மாட்டவைத்த நானே மறந்துபோனேன்.

3

புதன் காலை ஒன்பது மணிக்கே போர்டில் வந்துவிட்டது: 'அறை 14. துணைப் பதிவாளர். சுனிதா நாட் அவைலபிள்.'

வாசல் காவலர் நல்ல மனிதர். வந்தவர்களை எல்லாம், "மேடம் இல்லை, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். மேடம் உள்ளே உட்கார்ந்து, பல வருஷமாகத் தேங்கிக் கிடந்த ஃபைல்களை முடித்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு நிம்மதியான நாளைப் பார்த்ததே இல்லை என்று சொல்லி இரண்டாவது டீ கேட்டாராம்.

பன்னிரண்டு மணிக்குத் துணைவேந்தரே ஒரு விருந்தாளியோடு இறங்கி வந்தார். போர்டைப் பார்த்தார். திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில், யாரைக் கேட்டு லீவு எடுத்தீர்கள் என்று மேடத்துக்குப் போன் வந்தது.

அடுத்த அழைப்பு எனக்கு. மேடத்தின் மேஜையில் ஒரு பக்கம் அடையாள அட்டை, இன்னொரு பக்கம் ஒரு பழைய ஃபைல்.

"யார் செஞ்சது?"

"சிஸ்டம், மேடம்."

அவர் நிதானமாக ஃபைலைத் திறந்து ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பினார். புதிய சிஸ்டத்துக்கு நாங்கள் கொடுத்த ஒப்புதல். 'பின்பெயர் காலியாக இருந்தால் நாட் அவைலபிள் என்று நிரப்பவும்.' கீழே ஒரு கையெழுத்து.

"சிஸ்டம் அழகா கையெழுத்துப் போடுதே" என்றார்.

என் கையெழுத்துதான். ஒரு மத்தியானம், பசி நேரத்தில், நாற்பது பக்கத்திலும் படிக்காமல் போட்டது. கயல்விழியின் பெயருக்குப் பின்னால் அந்த இரண்டு வார்த்தைகளை ஒட்டியதே நான்தான். மூன்று நாளாக மேடத்தைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மேடம் அட்டையைக் கையில் எடுத்தார். "என் அண்ணன்மார் மூணு பேருக்கும் சர்நேம் உண்டு. பொண்ணுக்குக் கல்யாணம் ஆனா மாறிடப் போகுதுன்னு ஸ்கூல் மாஸ்டர் எனக்கு எழுதலை. கல்யாணத்துக்கு அப்புறம் நானும் சேர்க்கலை. அந்தப் பொண்ணுக்கு என்னைக்குள்ள வேணும்?"

"வெள்ளிக்கிழமை, மேடம்."

விதியை எடுக்க அனுமதித்து, 'அவசரம். கமிட்டிக்குப் பின்னர் தெரிவிக்கப்படும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கூடவே, எனக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் டிக்டேட் செய்தார். நேர்மையானவர் என்று முன்பே சொன்னேன்.

வியாழக்கிழமை விதியை எடுத்துவிட்டுப் பிரிண்ட் போட்டோம். கயல்விழி வாங்கிப் பார்த்தாள்.

"மேடம், இப்ப கயல்விழி நல்லுன்னு வந்திருக்கு. இந்த நல்லு யாரு?"

காலியான இடத்தை டேட்டாபேஸ் குறிக்கிற NULL என்ற ஆங்கில வார்த்தை அது. பிரிண்ட் புரோகிராம் அதையும் பெயராக எடுத்துக்கொண்டது. அதையும் சரிசெய்து, வெள்ளி காலை பத்தரைக்கு என் மெஷினில் இருந்தே அனுப்பினோம். மாலையில் பதில் வந்தது. அன்புள்ள கயல்விழி என்று தொடங்கியிருந்தது. அதற்கு மேல் படிக்காமலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மெமோவுக்கு உண்மையைத்தான் எழுதினேன். அந்த வருஷம் என் இன்க்ரிமென்ட் தள்ளிப்போனது. நியாயம்தான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் பெரிய அறிவுரை கிடையாது. படிவத்தில் எந்தக் கட்டத்தையும் கட்டாயம் என்று குறிக்கும் முன், அதைக் காலியாக விடுகிற மனிதர் யார் என்று யோசியுங்கள். கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். டெஸ்ட் செய்ய ஒரு பெயர் வேண்டுமா, மேலதிகாரியின் பெயரைப் போடுங்கள். தப்பு உடனே தெரிந்துவிடும். ஆனால் நிஜ சிஸ்டத்தில் வேண்டாம், டெஸ்ட் சர்வரில் போடுங்கள்.