கிதிர் முகம்மது வார்த்த பிஸ்டன்

கிதிர் முகம்மது செய்த சட்டிக்கு மூடி போட்டால் அது அசையாது. தென்காசியில் அவர் கடைக்கு வருகிற பெண்கள் மூடியைத் திறக்க முடியாமல் திணறுவார்கள். அவருக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆனந்தமாக இருக்கும். "ஆடுத மூடியெல்லாம் ஒரு மூடியா? நம்ம சரக்குல காத்துகூட நுழையாது" என்பார். நல்ல மனுஷர்தான். ஆனால் தொழிலில் இன்னொருத்தர் வாய் திறந்தால் பிடிக்காது. அந்தப் பெருமைதான் அறுபத்திரண்டாம் வருஷம் அவரைக் கவிழ்த்தது.

உடைந்த அலுமினியப் பாத்திரங்களை வாங்கி உருக்குவார். தகடாக ஊற்றி, அடித்து நீட்டிப் புதுச் சட்டியாக்குவார். குற்றாலம் சீசனில் அருவிக்கரையில் பொங்கிச் சாப்பிட வருகிற கூட்டம் அத்தனையையும் வாங்கிப் போய்விடும். அந்த ஆடியில் சாரல் ஏமாற்றிவிட்டது. அருவி விழும் இடத்தில் பாறைதான் தெரிந்தது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் ஆள் கிடைக்காமல் தங்கள் காலைத் தாங்களே பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். கிதிர் முகம்மது சட்டிகளை வண்டியேற்றித் திரும்பக் கொண்டுவந்து, உம்மென்று உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் வடகரை ஆவுடையம்மாள் மாட்டுவண்டியில் வந்து இறங்கினாள். வண்டியில் அவளுடைய ஆயில் எஞ்சினின் இரும்புச் சிலிண்டரும், அதற்குள் ஓடுகிற பிஸ்டனும் இருந்தன. பிஸ்டனின் தலை வெடித்துக் கிடந்தது.

அவள் புருஷன் இறந்து இரண்டு வருஷம். ஒரு வயல், ஒரு கிணறு, அந்தச் சீமை எஞ்சின், இவ்வளவுதான் அவளுக்கு மிச்சம். "பொம்பள எஞ்சின் ஓட்டி நெல் அறுத்துருவாளாக்கும்" என்று கொழுந்தன் நல்லகண்ணு சொல்லிக்கொண்டே இருந்தான். ஒருநாள் ரோஷத்தில் நாலு பேர் முன்னால் அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். இந்தக் கார் பூ, அதாவது இந்தப் போகத்து நெல், பொய்த்தால் வயலை அவனிடமே விட்டுவிடுவதாக. சாரலும் இல்லை, எஞ்சினும் படுத்துவிட்டது. வெளிநாட்டு உதிரிப் பாகம் இப்போது வருவதே இல்லை என்று திருநெல்வேலியில் கையை விரித்துவிட்டார்கள்.

"அண்ணாச்சி, இதும் அலுமினியம், ஒங்க சட்டியும் அலுமினியம். இத மாதிரி ஒண்ணு வாத்துத் தந்துருங்க" என்றாள்.

கிதிர் முகம்மது பிஸ்டனைத் தூக்கிப் பார்த்தார். பார்வைக்கு ஆட்டுரல் குழவி மாதிரி இருந்தது. கனமோ உரிக்காத தேங்காய்க் கனம்தான். லேத் பட்டறை ஏசுதாசன் பக்கத்திலேயே நின்றான். "எஞ்சினுக்குள்ள இது நிமிசத்துக்கு எத்தன மட்டம் மேலயும் கீழயும் ஓடுது! கனமா இருந்தா எஞ்சின் குலுங்கியே செத்துரும். அதான் அலுமினியத்துல செய்யுதான்" என்றான்.

பழைய பிஸ்டனைச் சிலிண்டருக்குள் விட்டுப் பார்த்தார்கள். லேசாக ஆடியது.

"அண்ணாச்சி, புதுசுலயும் இம்புட்டு இடம் விட்ருவமா?"

"ஏலே ஏசுதாசா, அது தேஞ்சு போயி ஆடுதுலே. எங் கையால செஞ்ச ஒரு சாமான் ஆடுனா நான் ஊருக்குள்ள நடக்கவா?"

உடைந்த சட்டிகளை உருக்கி, மண் அச்சில் ஊற்றினார். ஏசுதாசன் லேத்தில் போட்டுக் கடைந்தான். "இன்னும் ஒரு மயிரிழை எடு, போதும், போதும்" என்று அவர் பக்கத்தில் நின்று அதட்டினார். பிஸ்டன் சிலிண்டருக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கொஞ்சமும் ஆடவில்லை. தம் சட்டி மூடியைப் பார்ப்பதுபோலப் பார்த்துப் பூரித்துப்போனார்.

வடகரையில் எஞ்சினை மாட்டி ஓட்டினார்கள். கிணற்றுத் தண்ணீர் குபுகுபுவென்று வாய்க்காலில் பாய்ந்தது. ஆவுடையம்மாள் இரண்டு கையையும் கூப்பினாள். தண்ணீர் வயலின் நடுவை எட்டியிருக்காது. அதற்குள் எஞ்சினின் சத்தம் மாறியது. கிறீச்சென்று இழுத்து, அப்படியே நின்றது. சக்கரத்தை மூன்று பேர் சேர்ந்து தள்ளியும் நகரவில்லை.

"சட்டி செய்யுத ஆள்ட்ட எஞ்சினக் குடுத்தா வேற எப்படி இருக்கும்?" என்று வரப்பில் நின்ற நல்லகண்ணு சிரித்தான். சிரித்தபடியே வயலை ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போனான், சொந்தக்காரன் பார்க்கிற மாதிரி.

ஆவுடையம்மாள் அழவில்லை. "கதிரு இன்னும் வெளிய வராமப் பொதியில நிக்கி அண்ணாச்சி. தண்ணி இல்லன்னா எல்லாம் பதராப் போயிரும்" என்று மட்டும் சொன்னாள். கிதிர் முகம்மதுவுக்கு அவமானம் தாங்கவில்லை. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. எஞ்சின் பக்கத்திலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, வந்த கோபத்துக்குச் சக்கரத்தை ஓங்கி ஓர் உதை விட்டார். கால் விரல் நகம் பெயர்ந்துவிட்டது. சக்கரமோ சாவகாசமாக அரைச் சுற்றுச் சுற்றியது.

காலைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். சூட்டில் பிடித்தது, ஆறினதும் தானே விட்டுவிட்டது. சூடேறினால் இரும்பும் விரியும்தான். ஆனால் அலுமினியம் அதைப்போல இரண்டு பங்கு விரியும். பழைய பிஸ்டன் ஆடியது தேய்மானம் இல்லை. அது விரிவதற்காகச் செய்தவனே விட்ட இடம். அவருக்கு அது அப்போது விளங்கிவிட்டது. ஏசுதாசன் ஸ்பேனரை எடுத்துக் கழற்றத் தொடங்கினான்.

கழற்றிப் பார்த்தால் இன்னொரு கோளாறு. புதுப் பிஸ்டனின் பக்கவாட்டில் மெழுகுவர்த்தியை நகத்தால் கீறினதுபோலக் கோடுகோடாகக் கிடந்தது. சட்டி அலுமினியம் இந்த வேலைக்கு ரொம்ப மிருது. அப்படியென்றால் இதற்குரிய சரக்கு எங்கே கிடைக்கும்? அவர் வீட்டுக் கொல்லையிலேயே கிடந்தது. பஸ் பட்டறைகளிலிருந்து பழஞ்சாமானோடு வந்து சேர்ந்த தேய்ந்த பிஸ்டன்கள். அவற்றை உருக்கி அடித்தால் தகடு விரியாமல் விண்டுபோகும். அதனால் "முரட்டுச் சரக்கு" என்று வைது மூலையில் எறிந்திருந்தார். அந்த முரட்டுத்தனத்துக்குக் காரணம் அதில் கலந்திருக்கும் சிலிக்கான். எஞ்சின் சூட்டையும் உரசலையும் தாங்குவதற்காகவே அதைக் கலக்கிறார்கள்.

இந்த முறை அந்த முரட்டுச் சரக்கை மட்டும் உருக்கினார். அச்சில் ஊற்றும்போது தண்ணீர்போல ஓடி மூலைமுடுக்கெல்லாம் நிறைந்தது. கடைசல் தொடங்கியதும் அளவுப் பேச்சு வந்தது. ஏசுதாசன் வீட்டில் அவன் மனைவி பீடி சுற்றுகிறவள். அவளிடமிருந்து ஓர் இலை வாங்கிவந்து பழைய பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விட்டுப் பார்த்தார்கள். இதமாக வழுக்கிப் போனது. அதே இடைவெளி புதுசுக்கும்.

"முழு இலைத் தடிப்பா? கொஞ்சம் கொறச்சா என்னலே?"

"கொறச்சா மறுபடியும் சக்கரத்த ஒதைக்கணும் அண்ணாச்சி."

கிதிர் முகம்மது பெயர்ந்த நகத்தைப் பார்த்துக்கொண்டு இலையை அவனிடம் நீட்டினார். ஆடுகிற சாமான் ஒன்றைத் தம் கையால் செய்து கொடுப்பது அவர் ஆயுசில் அதுதான் முதல் தடவை. முகத்தைப் பார்க்கவே பரிதாபமாக இருந்ததாம்.

பிற்காலத்தில் பாவூர்சத்திரம் வரையிலிருந்து ஆட்கள் உடைந்த பிஸ்டனோடு அவரைத் தேடி வந்தார்கள். அதெல்லாம் பிறகு. அன்று வடகரையில் எஞ்சின் ஓடத் தொடங்கியபோது அவர் வாய் ஏதோ துஆவை முணுமுணுத்தபடி இருந்தது. முதலில் லேசாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. சூடேறச் சூடேற அது அடங்கி, ஓட்டம் சீரானது. போன தடவை நின்ற நேரம் தாண்டியது. வெயில் சாய்ந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கிதிர் முகம்மது வாய்க்காலில் முகத்தைக் கழுவிக்கொண்டார். கண் கலங்கியதை மறைக்கத்தான்.

நல்லகண்ணு வந்து வரப்பில் நின்றான். எஞ்சினைப் பார்த்தான், வயலைப் பார்த்தான்.

ஆவுடையம்மாள் மடையைத் திறந்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏய்யா நல்லகண்ணு, அங்கன நிக்காத. வரப்பு வரைக்கும் தண்ணி ஏறிட்டு; ஒஞ் செருப்பு நனையுது பாரு" என்றாள்.