பஞ்சு அக்கா வீட்டுக் கப்பல்

காலை ஏழு மணிக்கு ராமநாதபுரத்தில் பாம்பன் பேருந்து ஏறினேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர் போல. வழி நெடுக வயிற்றெரிச்சலோடுதான் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தாத்தாவின் ஒரே படம் பெரியப்பா மகள் பஞ்சு அக்காவிடம் இருக்கிறது. நான் பிறக்கும் முன்பே தாத்தா போய்விட்டார். அவர் முகம் எனக்குத் தெரியாது. நகல் கேட்டுப் போன் செய்தால் அக்கா பேச்சை மாற்றிவிடுவாள்.

உச்சிப்புளி தாண்டும்போது பக்கத்து இருக்கை மீனவரிடம் பெருமையடித்தேன். தனுஷ்கோடியிலிருந்து இலங்கைக்கு ஆள் ஏற்றிப்போன நீராவிக் கப்பலில் கரி அள்ளிப் போட்டவர் தாத்தா. உலகப் போரில் சர்க்கார் அந்தக் கப்பலை எடுத்து, பெஞ்சுகளைப் பிடுங்கி, சாம்பல் நிறம் அடித்து, பீரங்கி வைத்து, கடலில் கண்ணிவெடி வார அனுப்பியது.

"வெடிய எப்படிங்க வாருவாங்க?"

"ரெண்டு கப்பலுக்கு நடுவுல கம்பிவடம் கட்டி இழுப்பாங்க."

"நம்ம இரட்டைமடி வலை மாதிரின்னு சொல்லுங்க!"

அவர் வியக்க வியக்க எனக்கு இன்னும் எரிந்தது. இப்பேர்ப்பட்ட மனிதரை அக்கா ஒருத்தியே வைத்துக்கொண்டிருக்கிறாளே.

பாலம் தாண்டி இறங்கி வீட்டுக்குப் போனேன். "ஏலே, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிற?" என்றாள் அக்கா. முகத்தில் சந்தோஷமே இல்லை.

டி.வி.க்கு மேலே படம். பளிச்சென்ற வெள்ளைக் கப்பல், சிவப்புப் புகைபோக்கி, நீலக் கடல். பீரங்கியைக் காணோம். தாத்தாவையும் காணோம்.

"பூச்சி அரிச்சுப் போச்சுன்னு ஸ்டூடியோவுல கொடுத்தேன்" என்றாள். "கம்ப்யூட்டர்ல சுத்தம் பண்ணிக் கலர் போட்டுட்டான். தாத்தா அந்தப் பீரங்கிகிட்ட, மேலெல்லாம் கரியா நிப்பாரு. கறைன்னு நெனச்சு அழிச்சுட்டான்."

"பழைய படம்?"

"கிழிஞ்ச படத்த வீட்டுல வைக்கக் கூடாதுல்ல. புதுசுதான் வந்துருச்சேன்னு, அது இருந்த கவரக்கூடப் பிரிச்சுப் பாக்காம, பழச, ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்துல குளிக்கப் போனப்பக் கடல்ல விட்டேன். ஸ்டூடியோவுலயும் ஒண்ணும் இல்லயாம். ஒங்கிட்ட எப்படிய்யா சொல்லுவேன்?"

கத்த வந்தவன் அவள் அழுவதைப் பார்த்து அடங்கினேன். சாப்பிடும்போது, அவர் எப்படி இருப்பார் என்று மட்டும் கேட்டேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "ஒன் மூக்குதான். சிரிப்பு வந்து அடக்குன மாதிரி வாயி. ஒரு காது மட்டும் கொஞ்சம் மடங்கியிருக்கும்."

மூடிய கண்ணோடு வெகுநேரம் இருந்தாள். மதிய வண்டியில் திரும்பினேன். படம் இல்லை என்று தெரிந்த பிறகும் பொறாமை குறையவில்லை. அவள் கண்ணை மூடினால் தாத்தா வருகிறார். நானும் பேருந்தில் மூடி மூடிப் பார்த்தேன்; அந்த வெள்ளைக் கப்பல்தான் வருகிறது.