பாப்பாவைத் திரும்பக் கூட்டிவந்தது

பெரம்பலூரில் எங்கள் வீட்டில் ஆறேழு வருடமாக ஏதாவது ஒரு நாயோ பூனையோ இருந்துகொண்டே இருக்கிறது. எதுவும் எங்களுடையது இல்லை. ஊருக்கு வெளியே ஒரு அக்கா சின்னதாக ஒரு காப்பகம் நடத்துகிறார். அங்கே இடம் போதாது. அடிபட்டது, சொறி பிடித்தது, தாயில்லாத குட்டி என்று வருவதையெல்லாம் எங்களைப் போன்ற நாலைந்து வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். தேற்றி, பழக்கி, யாராவது வளர்க்கக் கேட்டு வரும்வரை வைத்திருப்போம். பிறகு கொடுத்துவிடுவோம். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். முப்பது பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினாலும் குரலை உயர்த்தாதவள் என்று அங்கே எனக்குப் பெயர். இந்த நாய்களும் பூனைகளும்தான் எனக்குக் கோபப்படக் கற்றுக்கொடுத்தன.

ஆலத்தியூரிலிருந்து ஒரு பெண் காப்பகத்துக்குப் போன் செய்திருந்தார். பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள், நாய் மட்டும் கேட்டில் கட்டிக் கிடக்கிறது என்று. அக்காவும் நானும் போய்ப் பார்த்தோம். லாப்ரடார், பெட்டை. மஞ்சள் உடம்பு புழுதி படிந்து வெள்ளையாக இருந்தது. காதுக்குள் உண்ணி கொத்துக் கொத்தாக அப்பியிருந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி, காலி.

"வேற ஊருக்கு மாத்தல் ஆயிடுச்சுங்க அவங்களுக்கு," என்றார் அந்தப் பெண். "லாரியில நாயை ஏத்த முடியாதுன்னுட்டாங்க."

"அதுக்குக் கட்டிப்போட்டுட்டா போவாங்க?"

"தண்ணி வச்சுட்டுத்தாங்க போனாங்க. நானும் ரெண்டு நாளா சோறு வச்சேன், தின்ன மாட்டேங்குது."

பிரிட்ஜ் போயிருக்கிறது, சோபா போயிருக்கிறது. துளசிச் செடியைக்கூடத் தொட்டியோடு லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் நம்பர் வாங்கி அங்கேயே நின்று அவர்களுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் கொஞ்சமும் பதறவில்லை. "ஓ, அதுவா? நீங்களே வச்சுக்குங்க மேடம். இங்க பசங்க அழுதாங்கன்னு புதுசா ஒரு குட்டி வாங்கிட்டோம்" என்றார். "சரிங்க" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் என்னென்ன கேட்டிருக்க வேண்டும் என்று வரிசையாகத் தோன்றியது. வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி அக்காவின் காதைப் புண்ணாக்கினேன்.

அதைப் பாப்பா என்று கூப்பிட்டோம். உண்ணியெல்லாம் பத்து நாளில் போய்விட்டது. பயம்தான் போகவில்லை. நான் பள்ளிக்கூடப் பையை எடுத்தாலே அதன் உடம்பு நடுங்கும். ஊருக்குப் போக என் கணவர் பெட்டியைக் கீழே இறக்கிய ஒரு நாள், அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்கவே இல்லை. கேட்டைப் பூட்டிக்கொண்டு போனால் சாயங்காலம் வரைக்கும் வைத்த சோறு வைத்தபடி இருக்கும். போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்று நம்ப மூன்று மாதம் ஆனது அதற்கு.

அப்போதுதான் தா.பழூரிலிருந்து ஒரு விவசாயி கேட்டார். காப்பகம் போட்ட படத்தைப் பார்த்தாராம். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், வீட்டில் நானும் மனைவியும்தான், வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்ப்போம் என்றார். பணிவாகப் பேசினார்.

"ஒரு எட்டு போய் வீட்டைப் பார்த்துட்டுக் கொடுப்போமா?" என்று அக்கா கேட்டார்.

எனக்குப் பரீட்சைப் பேப்பர் கட்டுக் கட்டாகக் கிடந்தது. தா.பழூருக்கு மூன்று பஸ் மாற வேண்டும். "நல்ல மாதிரியாத்தான் பேசுறாருக்கா. கொடுத்துடலாம்" என்றேன். அதைச் சொன்னது நான்தான். அவர்கள் காரில் வந்தார்கள், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. பாப்பா ஏற மறுத்தது. நானே தூக்கிப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன்.

கேட்டபோதெல்லாம் "நல்லா இருக்குங்க டீச்சர்" என்றார். முதலில் ஒரு படம் அனுப்பினார். அடுத்த மாதம் கேட்டபோது அதே படத்தையே மறுபடி அனுப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொல்லாமல் அரியலூர், ஜெயங்கொண்டம் என்று பஸ் மாறி மாறிப் போய் இறங்கினேன்.

வீட்டில் அவர் மனைவி மட்டும் இருந்தார். "வாங்க டீச்சர், காபி குடிங்க" என்றவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பாப்பா எங்கம்மா?" என்று கேட்டதற்கு வயல் பக்கம் கையைக் காட்டினார். "மோட்டார் கொட்டாயில."

வரப்பில் நடந்து போனேன். கொட்டகைக்கு வெளியே இரண்டு முழச் சங்கிலி. நிழல் ஒரு பக்கம் விழுந்திருந்தது. சங்கிலி அதுவரை எட்டவில்லை. கழுத்துப் பட்டை தோலுக்குள் இறங்கி, புண்ணில் புழு நெளிந்தது. என்னைப் பார்த்தும் அது எழுந்திருக்கவில்லை. வால் மட்டும் ஒரு தரம் மண்ணில் அசைந்தது.

அதற்குள் அவர் வந்துவிட்டார். "என்னங்க டீச்சர், ஒரு போன் பண்ணிட்டு வரக் கூடாதா?"

"இது என்னங்க?"

"காவலுக்குங்க. மோட்டார் வயரை அறுத்துட்டுப் போயிடுறானுங்க."

"வீட்டுக்குள்ள வளர்க்குறோம்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்தான். முடி கொட்டுது, வூட்டுல வச்சுக்க முடியல. நாய்னா கட்டித்தானே போடணும்? சோறு வைக்கிறோம்ல?"

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் ஆலத்தியூரில் போனில் கேட்காமல் விட்டதெல்லாம் சேர்ந்து வந்தது. "உங்களுக்கு வெக்கமா இல்லையா?" என்று கத்தினேன். பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். உங்களைப் போய் நம்பினேனே என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் என்னைவிட இருபது வயது பெரியவர். "படிச்சவங்க பேசுற பேச்சா இது? ஒரு நாய்க்காக?" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். நான் சங்கிலியைக் கழற்றப் பார்த்தேன். கொக்கி துருப்பிடித்து இறுகியிருந்தது. என் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

வந்தது அவர் மனைவிதான். கையில் ஒரு கத்தி. பாப்பாவின் தலையைத் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, புண்ணில் படாமல் பட்டையை அறுத்தார். "கூட்டிட்டுப் போயிடுங்க டீச்சர்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். அவர் புருஷன் அந்த அம்மாளை முறைத்தார்.

பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். என் கணவர் நண்பரின் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு வரும்வரை ரோட்டோரப் புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தேன். வர ரொம்ப நேரமானது. அந்த விவசாயியை மனசுக்குள் திட்டித் தீர்ந்த பிறகு, திட்டுவதற்கு நான்தான் மிச்சம் இருந்தேன். பேப்பர் திருத்த வேண்டும் என்று ஒரு உயிரை யாரென்றே தெரியாதவர் காரில் ஏற்றிவிட்டவளுக்கு அவரைக் கேட்க என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் கேட்டது சரிதான். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

வண்டியின் பின்னால் தார்ப்பாயில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். அது முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டது. அரியலூரில் ஒரு கால்நடை டாக்டர் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தார். அப்போதுகூட அது முனகவில்லை. அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அடுத்த தடவை போய்ப் பார்த்துட்டுக் கொடு" என்றார், அவ்வளவுதான்.

இப்போது நான் வீட்டைப் பார்க்காமல் எதையும் கொடுப்பதில்லை. எங்கே தூங்கும், ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், மாத்தல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். பொண்ணு கேட்டு வந்தால்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள் என்று ஒருவர் சிரித்தார். அவருக்குக் கொடுக்கவில்லை.

புண் ஆறி ஐந்தாறு மாதம் கழித்து, அரியலூரில் ரிட்டயர்டு பஸ் டிரைவர் ஒருவர் பாப்பாவைக் கேட்டார். போய்ப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். கொடுத்த பிறகும் மூன்று தடவை சொல்லாமல் போய் நின்றேன். மூன்றாவது தடவை அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்களை நம்பலையாம்மா நீங்க?" என்றார். "இல்லீங்க, நம்பல" என்றேன். உள்ளே சமையலறை வாசலில் பாப்பா குறுக்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, அதை எழுப்பாமல், காலை அகட்டி வைத்துத் தாண்டிப் போனார்.