கனடா மாப்பிள்ளையும் கிழிந்த கொடியும்

அப்பா விமானப்படையில் இருந்தவர். ஓய்வு பெற்றுச் சிட்லபாக்கத்தில் வீடு கட்டிய பிறகும் சந்தேகத்துக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை. தண்ணீர் லாரி வந்தால், குழாயை இறக்கும் முன்பே போய்த் தொட்டி ஓரம் நிற்பார். அப்படிப்பட்டவரின் தங்கையை, என் அத்தையை, பெண் பார்க்க ஒரு கனடா மாப்பிள்ளை வந்தார். மேடவாக்கத்தில் இருந்த அவருடைய அம்மாவும் கூட வந்தார். மாப்பிள்ளை அங்கே வார நாட்களில் கணக்கு வாத்தியார், சனி ஞாயிறில் ராணுவச் சிப்பாய் என்று தரகர் சொல்லியிருந்தார்.

அவர்கள் உள்ளே போனதும், செருப்புகளை ஒழுங்குபடுத்துகிற சாக்கில் அப்பா மாப்பிள்ளையின் ஷூவைத் தூக்கிப் பார்த்தார். பாலிஷ் குறையில்லாமல் இருந்தது. அதுவே அவர் சந்தேகத்தைக் கூட்டியது.

கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே மாப்பிள்ளை தன் படைப்பிரிவின் கதையைச் சொன்னார். ரொட்டிக் கடைக்காரர்களும் விவசாயிகளும் வேலை முடிந்து மாலையில் கூடிப் பயிற்சி செய்து தொடங்கியதாம். இரண்டு உலகப் போருக்கும் போனதாம். போனவர்களில் பலர் திரும்பவில்லையாம். அப்பா தலையாட்டினார். பகுதிநேரச் சிப்பாய்கள் நம் நாட்டிலும் உண்டு என்பது அவருக்குத் தெரியும்.

“படையோட பழைய கொடி இன்னும் அங்க எங்க ஊர் சர்ச்லதான் தொங்குது சார். கிழிஞ்சு நூல் நூலா உதிருது. யாரும் தைக்கவும் மாட்டாங்க, இறக்கவும் மாட்டாங்க. அதுவா மக்கிப்போற வரைக்கும் அங்கேயே இருக்கணும்.”

அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். கொடியில் நூல் பிரிந்தாலே மரியாதையாக இறக்கிவிட வேண்டும் என்று படித்தவர் அவர்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் தீர்ப்பு வந்தது. “ஃபிராடு. எந்த ஆர்மிக்காரன் கொடியக் கிழிய விடுவான்? இவன் யூனிஃபார்மை சினிமாலதான் பாத்திருப்பான்.”

“இன்னொரு தடவை விசாரிச்சுப் பாக்கலாமே” என்று அம்மா இழுத்ததை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அத்தையை யாரும் கேட்கவில்லை. சம்பந்தம் அதோடு முடிந்தது.

மாப்பிள்ளை சொன்னது நிஜம்தான் என்று பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. உழைத்து ஓய்ந்த கொடியை அந்த ஊரில் அப்படித்தான் விட்டுவிடுவார்களாம். எனக்கு அப்பா மேல் கோபம் வந்தது. வந்து என்ன பிரயோஜனம்.

அன்று அத்தை பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

“அவர் பொய்யா சொன்னாரு அத்தை?”

“பொய்யா இருந்தா இன்னும் நல்லா சொல்லியிருப்பாருடி.”

ஒழுங்காகப் பொய் சொல்லக்கூடத் தெரியாதவர் என்கிறாள், அத்தையும் அப்பா கட்சிதான் என்று நினைத்துக்கொண்டு மிச்சமிருந்த பஜ்ஜியைத் தின்றேன். கழுவிய தட்டையே அவள் எதற்கு மறுபடியும் கழுவுகிறாள் என்பதுதான் புரியவில்லை.