மழை கேட்ட தவளை

என் சிறுவயதில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஃபோன். அது அப்பாவின் சட்டைப் பையில் ரப்பர் மலைக்குப் போய்விடும். அதோடு என் தவளையும் போய்விடும். வாய்ப்பாடு பழகட்டும் என்று மாமா போட்டுக்கொடுத்த விளையாட்டு அது. சரியான விடையைத் தொட்டால் தவளை அடுத்த இலைக்குத் தாவும். தப்பாகத் தொட்டால் தண்ணீரில் விழும். எட்டாம் வாய்ப்பாட்டு ஆற்றில் அது பல நாட்களாக விழுந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையிலும் பயனில்லை. அப்பா ஃபோனோடு தெஹியோவிட்டைக்குச் சாமான் வாங்கப் போய்விடுவார். மழை நாளில் மட்டும்தான் வழி. ரப்பர் மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது, அப்பாவும் ஃபோனும் லயத்து வீட்டிலேயே இருப்பார்கள்.

அந்த வருஷத் திருவிழாவில் பெரியப்பாவுக்கு அம்மன் இறங்கியது. பால் வெட்டுக்காரர்கள் எல்லாரும் கைகூப்பி நின்றார்கள். மாசக்கணக்காகப் பெய்த மழையில் வேலை நின்று, அன்றாடக் கணக்கில் பேர் விழாமல், சம்பளம் இல்லாமல் நொந்துபோனவர்கள். வெயில் கேட்க வந்திருந்தார்கள். அம்மன் நேராக என்னிடம்தான் வந்தது.

"என்ன வேணும் தாயி, கேளு."

"தெனமும் மழ பெய்யணும் சாமி."

அம்மா என் முதுகில் கிள்ளினாள். பெரியப்பாவும் வெட்டுக்காரர்தான். ஆடிக்கொண்டே ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம மட்டும் பெய்யுறேன் தாயி. அதோட விட்டுரு."

கூட்டம் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தது. எனக்கோ அம்மன் மேல் ஒரே கோபம். விவரம் தெரியாத சாமி என்று நினைத்தேன்.

ஆனால் திங்கட்கிழமை விடியும்போதே கொட்டியது. லயமே என்னைத் திட்டிச் சிரித்தது. அப்பா திட்டவில்லை. ஃபோனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எட்டேழு நாற்பத்தெட்டு என்று அடித்துச் சொல்லித் தவளையை முக்கினார். வயிறு வலிக்கச் சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமான நாள் எனக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை.

நடுநடுவே அப்பா எழுந்து வாசலுக்குப் போவார், வானத்தைப் பார்ப்பார், திரும்பி வருவார். மழை விட்டால் ஆட்டம் நின்றுவிடுமே என்று அவருக்கும் கவலை போல. எனக்குப் பாவமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு தைரியம் சொன்னேன்.

"பயப்படாதீங்கப்பா. இந்த வாரம் பூரா விடாது."