கத்தாத வீடியோ

அவள் கணவர் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கூண்டு கிறீச்சிட்டால் கோளாறு, ஓசையில்லாமல் ஏறி இறங்கினால் பயமில்லை என்பது அவர் ரத்தத்தில் ஊறிப்போன கணக்கு. ஓய்வு பெற்ற மறு வருடம் இரண்டு கண்ணிலும் அழுத்தம் என்றார் டாக்டர். காலையும் மாலையும் அவரே ஒரு சொட்டு மருந்து விட்டுக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டால் பார்வை ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டே வரும், தேய்ந்தது திரும்பாது.

அவள் பார்சல் ஆபீசில் குமாஸ்தா. காலை ஏழரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஆறு மணி. அந்தப் பத்தரை மணி நேரமும் அவருக்குக் கம்ப்யூட்டர்தான் துணை. திரை நிறைய வீடியோக்கள்; முகப்புப் படங்களில் வாயைப் பிளந்த முகங்களும் ரத்தம் கட்டிய கண்களும், மூலையில் மஞ்சள் வட்டமும். 'கண் சொட்டு மருந்தா? இன்றே தூக்கி எறியுங்கள்!!!' அவர் பார்த்துச் சிரித்தார். என்றைக்காவது நம்பிவிடுவாரோ என்று அவளுக்குப் பயம்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தன் தம்பியைக் கூட்டி வந்தாள்.

"பிரவுசர்ல எக்ஸ்டென்ஷன்னு ஒரு குட்டி புரோகிராம் போட்டுட்டேன்க்கா. வீடியோ போடுறவங்க முகப்புல ஒட்டுற படத்தைத் தூக்கிட்டு, வீடியோவுக்குள்ளேர்ந்தே ஒரு காட்சியை எடுத்து வைக்கும். தலைப்புல இருக்கிற கூச்சலையும் அடக்கிடும்."

"உங்க அக்கா வாய்க்கும் அப்படி ஒண்ணு இருந்தா போட்டுவிடு மாப்ளே," என்றார் அவர்.

"சிரிங்க, சிரிங்க. இனிமே கத்துறது எதுவும் உங்க கண்ணுல படாது," என்றாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் டீ டம்ளரை மேசை விளிம்புக்கு ஒரு சாண் வெளியே வைத்தார். தரையெல்லாம் டீ. அவள் துடைக்கவில்லை. அவருடைய இழுப்பறையைத் திறந்தாள். மாதம் ஒன்றாக அவள் வாங்கி வந்த நான்கு மருந்துப் புட்டிகளும் சீல் உடையாமல் இருந்தன.

"என்னங்க இது?"

"அது வேணாமாம். கண்ணுக்குப் பயிற்சி செஞ்சா போதுமாம்."

"எவன் சொன்னான்?"

"ஒரு டாக்டரு. அமைதியா உக்காந்திருந்தாரு. 'கண் சொட்டு மருந்து பற்றி'ன்னு மட்டும்தான் போட்டிருந்துது. கத்துறதையெல்லாம் எடுத்தாச்சுன்னு நீதானே சொன்னே? மிச்சம் நல்லதுன்னு நெனச்சேன்."

அந்த வீடியோவை அவளே திறந்து பார்த்தாள். உள்ளே அதே 'இன்றே தூக்கி எறியுங்கள்'தான்; அன்றைக்கு அவர் சிரித்த அதே வீடியோ. மேலே இருந்த வேஷத்தை மட்டும் எக்ஸ்டென்ஷன் உரித்திருந்தது; உரிக்கச் சொன்னவள் அவள்.

திங்களன்று பரிசோதித்த டாக்டர் தாளிலிருந்து தலை தூக்காமலே சொன்னார்: "ரெண்டு கண்ணுலயும் ஓரம் நிறையப் போயிடுச்சும்மா. மிச்சத்தைக் காப்பாத்தப் பாருங்க."

வெளியே வந்ததும் தம்பிக்குப் போன் செய்தாள்.

"அதை எடுத்துடுடா."

"எடுத்தா பழைய கூச்சல் வந்துடும்க்கா."

"வரட்டும். திருடன் மணி அடிச்சுக்கிட்டே வரட்டும்."

சாயங்காலம் தம்பி வந்து எடுத்துவிட்டான். அவள் கணவருக்குச் சொட்டு விட்டு, திரை முன்னால் உட்கார வைத்தாள்.

"இப்படி மூலையில மஞ்சள் வட்டம் போட்டிருந்தா, அது ஏமாத்து. தொடாதீங்க. தெரியுதா?"

"எது?"

"இதோ, மேல் மூலையில."

அவர் திரையின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் மோவாயைப் பிடித்து மெல்லத் திருப்பினாள்.

"இப்போ?"

"இன்னும் கொஞ்சம் திருப்பு," என்றார்.